எந்த வலிக்கு எந்தப் படம்?

முதுகுவலி வராதவர் உண்டா? நாற்று நடுகிறவருக்கு வரும். மூட்டை தூக்குகிறவருக்கு வரும். நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுகிறவருக்கும் வரும்.

வலி வந்ததும் சிலர் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்கிறார்கள். சிலர் ஸ்கேன் என்றாலே பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல் விடுகிறார்கள். இரண்டும் தவறு. எந்தச் சோதனை எதைக் காட்டும் என்று தெரிந்துகொள்வோம். பணமும் மிஞ்சும். உடம்பும் பிழைக்கும்.

முதுகுக்குள் என்ன இருக்கிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 சிறிய எலும்புகள் அடுக்கி இருக்கின்றன. அவற்றின் நடுவே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. இதைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். டாக்டர் டிஸ்க் என்பார்.

எலும்புகளுக்குள் குழாய் போல ஒரு வழி உண்டு. அதன் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. இடுப்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி கால் வரை இழுக்கும்.

முதல் சோதனை எது?

டாக்டரின் கைதான் முதல் சோதனை. உங்களைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டுவார். குதிகாலால் நடக்கச் சொல்வார். பஞ்சால் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்பார். எந்த நரம்பில் கோளாறு என்று பல நேரம் இதிலேயே ஊகிக்கலாம். சாதாரண முதுகுவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். அதற்கு உடனே படம் தேவையில்லை.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்

எக்ஸ்ரே கதிரை 1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்பவர் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்பு முறிவு தெரியும். கூன் தெரியும். ஜவ்வும் நரம்பும் தெரியாது.

சி.டி. ஸ்கேனிலும் அதே கதிர்தான். பல பக்கமிருந்து படம் எடுத்துக் கம்ப்யூட்டர் ஒன்று சேர்க்கும். அடிபட்டு வந்தவர்களுக்கு இது மிகவும் உதவும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

இதில் கதிர் இல்லை. பெரிய காந்தம் இருக்கிறது. ஜவ்வு, தண்டுவடம், நரம்பு எல்லாம் தெரியும். முதுகெலும்பில் காசநோய் வந்தால், எக்ஸ்ரேயில் தெரியும் முன்பே இதில் தெரியும். குழாய் போன்ற இடத்தில் அசையாமல் படுக்க வேண்டும். டம் டம் என்று சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம்.

ஆனால் இரும்பு ஆபத்து. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் இப்படி ஒரு விபத்து நடந்தது. நோயாளியோடு வந்த ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். காந்தம் இழுத்தது. அவர் இறந்துபோனார். ஆகவே சாவி, நகை, தாயத்து, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உடம்புக்குள் பேஸ்மேக்கர், கம்பி, கிளிப் இருந்தால் சொல்லுங்கள். கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தாலும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். வலியே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற ஜவ்வு பிதுங்கியிருக்கும். தலை நரைப்பது போலத்தான். படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷன் முடிவு செய்யக்கூடாது. படமும் உங்கள் வலியும் ஒத்துப்போக வேண்டும்.

நரம்பு வேலை செய்கிறதா?

வீட்டில் மின்கம்பி இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடுகிறதா? கம்பியைப் பார்த்தால் தெரியாது. பல்பைப் போட்டால்தான் தெரியும். நரம்பும் அப்படித்தான்.

நரம்புக் கடத்தல் சோதனையில் தோலின்மேல் சிறு மின்னதிர்வு கொடுப்பார்கள். சுருக்கென்று இருக்கும். நல்ல நரம்பில் அந்தச் செய்தி கையில் நொடிக்குச் சுமார் 50 மீட்டர் ஓடும். பழுதானால் வேகம் குறையும். இ.எம்.ஜி. சோதனையில் தசைக்குள் மெல்லிய ஊசி வைத்துப் பார்ப்பார்கள். சர்க்கரை நோய், தொழுநோய், மணிக்கட்டில் நரம்பு நெரிசல் ஆகியவற்றால் வரும் நரம்புப் பழுதை அறிய இவை உதவும். நரம்பு பழுதான உடனே ஊசிச் சோதனையில் சரியாகத் தெரியாது. சுமார் 3 வாரம் ஆகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

• சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால், அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால்
• தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போனால்
• கால் பலம் குறைந்துகொண்டே போனால்
• கீழே விழுந்தபின் கடும் வலி வந்தால்
• முதுகுவலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால்

இவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் கால் நிரந்தரமாகச் செயலிழக்கலாம்.

மற்ற நேரத்தில் டாக்டரிடம் தயங்காமல் இப்படிக் கேளுங்கள்: "இந்தச் சோதனை எதற்கு? இதைப் பார்த்தபின் என் சிகிச்சை மாறுமா? அரசு மருத்துவமனையில் எடுக்க முடியுமா?"

கேட்பது உங்கள் உரிமை. படத்தையும் அறிக்கையையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை அதே சோதனைக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்காது.