உண்மைக்கு ஊசி உண்டா?

பெங்களூரில் காக்ஸ் டவுனிலிருந்து தெற்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் ரிச்மண்ட் சாலை. அங்கிருந்து ஒசூர் பக்கமாகப் போகும் வழியில் மடிவாளா. ரிச்மண்ட் சாலையில் ஒரு பங்களாவின் பின்முற்றத்திலிருந்து 1994-ல் ஒரு எலும்புக்கூடு தோண்டி எடுக்கப்பட்டது. மடிவாளாவில் இருக்கிறது கர்நாடக அரசின் தடயவியல் ஆய்வகம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், மயக்க ஊசி போட்டு விசாரிக்கும் நார்கோ சோதனை என்றாலே நாடு முழுக்க நினைவுக்கு வந்த பெயர் அதுதான். பெரிய வழக்கு எதுவானாலும் சந்தேக நபரை விமானத்தில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். 'ஊசி போட்டா தானா கக்கிடுவான்' என்ற நம்பிக்கை டீக்கடை வரை பரவியது. எலும்பு ஆய்வு, ஊசி இரண்டுமே அறிவியலின் பெயரால் நடந்தவை. ஆனால் எலும்பை ஆராய்ந்தது அறிவியல். ஊசி, அறிவியலின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்த பழைய விசாரணைதான்.

ஊசியின் கதை ஒரு பிரசவத்தில் தொடங்குகிறது. 1916-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ராபர்ட் ஹவுஸ் என்ற மருத்துவர், வலி தெரியாமலிருக்க ஸ்கோபோலமைன் கொடுத்து ஒரு வீட்டில் பிரசவம் பார்த்தார். குழந்தையை எடைபோடத் தராசு கேட்டார். கணவருக்கு அது இருக்கும் இடம் தெரியவில்லை. மயக்கத்தில் கிடந்த தாயே, சமையலறையில் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்று சொன்னார். தராசு அங்கேதான் இருந்தது. மயக்கத்தில் இருப்பவரால் பொய் சொல்ல முடியாது என்று ஹவுஸ் முடிவுகட்டி, 1922-ல் டல்லாஸ் சிறைக் கைதிகளிடம் அதைச் சோதித்தும் பார்த்தார். அந்தத் தாய்க்குத் தராசு விஷயத்தில் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பின்னாளில் ஸ்கோபோலமைன் போய், அறுவை சிகிச்சை அரங்கில் புழங்கிய சோடியம் பென்டதால் வந்தது. மூளையில் நரம்புச் செல்களின் வேகத்தைக் குறைக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை இம்மருந்து பலப்படுத்துகிறது. அளவு கூடினால் முழு மயக்கம், இன்னும் கூடினால் மூச்சே நின்றுபோகும். அரைகுறை அளவில் தயக்கமும் நிதானமும் தளர்ந்து பேச்சு பெருகும். தளர்வது கட்டுப்பாடு மட்டுமே. நினைவு எது, கற்பனை எது, கேள்வி கேட்பவர் வாயில் திணித்த சொல் எது என்று பிரித்துக்கொடுக்கும் வேலையை எந்த மருந்தும் செய்வதில்லை. நம் ஊரில் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஒன்பது பேரிடம், அவர்கள் வாழ்வில் வெட்கப்படத்தக்க ஒரு சம்பவத்தைக் கேட்டு வாங்கி, அதை மறைக்க ஒரு பொய்க்கதையையும் தயார்செய்துகொள்ளச் சொன்னார்கள். பிறகு சோடியம் அமைட்டால் செலுத்தி இன்னொருவர் துருவித் துருவி விசாரித்தார். மனஉறுதி உள்ளவர்கள் மயக்கத்திலும் பொய்க்கதையை விடவில்லை. தன்னைத்தானே குற்றம்சாட்டிக்கொள்ளும் இயல்புள்ளவர்கள்தான் எளிதில் உடைந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளக்கூடும் என்று 1951-ல் வெளியான அந்த ஆய்வு எச்சரித்தது. தேர்ந்த குற்றவாளி தப்பிக்க, பயந்த அப்பாவி மாட்டிக்கொள்வான் என்றால் அது எந்த வகைக் கருவி? போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவர், உண்மை வரவழைக்கும் தன்மை கொண்டதாகச் சொல்லப்பட்ட மருந்தின் பிடியில் தந்த வாக்குமூலம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது. உலகம் மூட்டைகட்டி வைத்த பிறகு நாம் அதைத் தூசி தட்டி எடுத்தோம்.

எடுத்து என்ன கண்டோம்? முத்திரைத்தாள் மோசடி தெல்கிக்கு 2003-ல் பெங்களூரில் சோதனை நடந்தது. மயக்கத்தில் அவர் உளறியது பின்னர் தொலைக்காட்சியில் ஓடியது. கோட்டயம் கன்னியாஸ்திரி அபயா 1992-ல் கிணற்றில் பிணமாகக் கிடந்த வழக்கில், 2007-ல் மூவருக்கு இங்கே ஊசி போடப்பட்டது. அந்தப் பதிவுகள் வெட்டி ஒட்டப்பட்டவை என்ற சர்ச்சைதான் மிஞ்சியது. 2020-ல் திருவனந்தபுரம் சி.பி.ஐ. நீதிமன்றம் இருவரைத் தண்டித்தபோது அதற்குப் பெரிதும் துணைநின்றது, அன்றிரவு கான்வென்ட்டுக்குத் திருட வந்த ஒரு திருடனின் கண்கண்ட சாட்சியம். (அந்தத் தண்டனையும் 2022-ல் நிறுத்திவைக்கப்பட்டது.) நொய்டாவில் சிறுமி ஆருஷி கொல்லப்பட்ட வழக்கு இன்னும் மோசம். 2008-ல் பணியாளர்களுக்கு நடந்த சோதனைகளை நம்பி சி.பி.ஐ.யின் முதல் குழு ஒரு பக்கம் போனது. அடுத்து வந்த குழு நேர் எதிர்ப் பக்கம் போனது. பெற்றோர் 2013-ல் தண்டிக்கப்பட்டு 2017-ல் விடுதலையானார்கள். அந்த வீட்டின் மொட்டைமாடிக் கதவை முதல் நாளே திறந்து பார்த்திருந்தால், மறுநாள் அங்கே கிடைத்த இரண்டாவது சடலம் அப்போதே கிடைத்திருக்கும். மாடியில் தேட வேண்டியதை மனிதர்களின் மூளைக்குள் தேடினார்கள்.

இனி ரிச்மண்ட் சாலைக்கு வருவோம். மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி ஷகீரா. சுவாமி ஷ்ரத்தானந்தா என்று தன்னை அழைத்துக்கொண்ட முரளி மனோகர் மிஸ்ராவை 1986-ல் மணந்தார். 1991 மே மாதத்துக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்ட மகளுக்கு மிஸ்ரா ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொன்னார். எந்த மருந்தும் இல்லாமல், முழு நினைவோடு, மூன்று ஆண்டுகள் சளைக்காமல் பொய் சொன்ன மனிதர் அவர். 1994 மார்ச்சில் அவரே காட்டிய இடத்தைத் தோண்டியபோது, மண்ணுக்கடியில் மரப்பெட்டிக்குள் எலும்புக்கூடு இருந்தது. தோண்டியது முழுவதும் வீடியோவில் பதிவானது; கூடவே கிடைத்த மோதிரங்களையும் வளையல்களையும் ஷகீராவின் தாய் அடையாளம் காட்டினார்; எலும்பின் மரபணு அது ஷகீராதான் என்று உறுதிசெய்தது. எலும்பும் பல்லும் கால்சியக் கோட்டைகள். சதை அழுகிப்போன பிறகும் உள்ளிருக்கும் செல்களின் மரபணுவை அவை பல ஆண்டுகள் காத்துவைக்கும். அதில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும், பொருந்தவில்லையென்றால் பொருந்தவில்லைதான். இன்னொரு ஆய்வகத்தில், இந்த வழக்கைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் திரும்பச் செய்தாலும் அதே விடை வரும். மிஸ்ரா யோக்கியரா, பொய்யரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. கீழமை நீதிமன்றம் 2005-ல் மரண தண்டனை விதித்தது. 2008-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சாகும்வரை விடுதலையில்லாத ஆயுள் தண்டனையாக மாற்றியது.

இங்கே ஒருவர் குறுக்கே வந்து, அந்த இடத்தைக் காட்டியதும் அவர் வாய்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கும் முன்னால், வீட்டுப் பணியாளர் குடிபோதையில் உளறியதுதான் போலீஸ் காதில் விழுந்தது என்றும் இந்த வழக்கைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் ஊசியையும் துப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமே? 1872-ன் சாட்சியச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும் என்றது 27-வது பிரிவு. வாயை நம்பாதே, வாய் காட்டிய இடத்தில் பொருள் இருந்தால் அதை நம்பு என்பது அதன் சாரம். டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட ஒரு சட்டப்பிரிவில் இவ்வளவு அறிவியல் இருப்பது வியப்புதான். ஆனால் துப்பு என்ற வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊசி சொல்லிக் கிடைத்த கத்தியைச் செய்தியாக்குவார்கள். ஊசி சொல்லித் தோண்டி ஒன்றும் கிடைக்காத குழிகளை யாரும் எண்ணுவதில்லை. தவறிய கணிப்புகளை எண்ணாத முறை ஜோசியம்.

'லத்தியைவிட ஊசி மேல்' என்பதுதான் அதிகம் கேட்கும் வாதம், மனிதாபிமானம் போலவும் ஒலிக்கும். லாக்கப் அடியோடு ஒப்பிட்டால் எதுதான் மேலாகத் தெரியாது? இரண்டுக்கும் அடிப்படை நம்பிக்கை ஒன்றே: உண்மை சந்தேக நபரின் உடலுக்குள் இருக்கிறது, பிழிந்தால் வந்துவிடும். அந்த நம்பிக்கை இருக்கும்வரை சம்பவ இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதிலும், ரத்தக்கறையைச் சரியாக எடுத்து வைப்பதிலும் அக்கறை வராது. ஊசியோடு சேர்ந்து வந்த மூளை வரைபடச் சோதனைக்கும் இதே கதிதான். பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் பணியாற்றிய உளவியலாளர் சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய அந்த முறையை, அதே நிம்ஹான்ஸின் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான குழு ஆராய்ந்து, இது அறிவியல்பூர்வமானதல்ல என்று 2008-ல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு புனேயில் ஒரு நீதிமன்றம் அந்தச் சோதனையையும் சேர்த்து எடைபோட்டு ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

ஊசிக்கு அணைபோட்ட வழக்கும் பெங்களூரில் பிறந்ததே. சாதி மாறித் திருமணம் செய்த ஓர் இளைஞர் 2004-ல் கொல்லப்பட்டார். சந்தேகம் பெண்ணின் தாய் செல்வி மீதும் இன்னும் இருவர் மீதும் விழுந்தது. நேரடிச் சாட்சி இல்லாததால் மூவருக்கும் நார்கோ சோதனை நடத்த மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். உயர் நீதிமன்றமும் கைவிட, அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2010 மே 5 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் அமர்வு, சம்மதமில்லாமல் யாருக்கும் நார்கோ, பாலிகிராப், மூளை வரைபடச் சோதனை எதையும் நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதத்தோடு நடந்தாலும் அறிக்கை சாட்சியமாகாது. அதன்வழி கண்டெடுக்கப்படும் பொருள் மட்டும் அன்றைய 27-வது பிரிவின்கீழ் செல்லும் என்றது தீர்ப்பு.

அப்படியானால் குற்றமற்றவன் தானே முன்வந்து ஊசியைக் கேட்கலாமே என்பது கடைசி ஆட்சேபம். பீகார் வழக்கு ஒன்றில் 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் சொன்னது: கேட்கலாம், ஆனால் அது மறுக்க முடியாத உரிமை அல்ல, சம்மதம் உண்மையானதா, தக்க பாதுகாப்புகள் உண்டா என்று நீதிமன்றம் பார்த்தே அனுமதிக்க வேண்டும். இந்த நிபந்தனையில்தான் சிக்கலே. சம்மதம் மாஜிஸ்திரேட் முன்னால் பதிவாக வேண்டும், வக்கீல் கூட இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். ஆனால் காவலில் இருப்பவன் 'மாட்டேன்' என்று சொன்னால், அந்த மறுப்பையே குற்றத்துக்கு ஆதாரமாக அன்று மாலையே தொலைக்காட்சியில் விவாதிப்பார்கள். மறுத்தாலே பழி என்றானபின், அவன் தரும் சம்மதத்துக்கு மாஜிஸ்திரேட் எந்த எடைக்கல்லைப் போட்டு நிறுப்பார்?