ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?

"க.விலக்கு போய்ட்டு வரணும்னா ஒரு நாள் பொழப்பு போச்சு!" கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அலைச்சலுக்குப் பயந்து, 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று செக்கப்பைத் தள்ளிப்போடுகிறோமே... சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வலி காட்டாமலே கண்ணையும் கிட்னியையும் கெடுக்கக்கூடியவை ஆயிற்றே!

1996-ல் தேனி தனி மாவட்டமானது. அதற்கு முன்பெல்லாம் பெரிய வைத்தியம் என்றாலே மதுரைதான். 2004-ல் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. க.விலக்கு என்றால் கண்டமனூர் விலக்கு. தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே, வருசநாட்டு ரோடு பிரிகிற இடம்.

ஏன் இரண்டு பஸ்?

கம்பம் பள்ளத்தாக்கு ஊர்கள் இருப்பது குமுளி - திண்டுக்கல் ரோட்டில். ஆஸ்பத்திரி இருப்பதோ மதுரை ரோட்டில். இரண்டும் தேனியில்தான் சேருகின்றன. அதனால் தேனியோடு நிற்கும் பஸ்ஸிலோ, திண்டுக்கல் பஸ்ஸிலோ ஏறினால் தேனியில் இறங்கி மாறியே ஆகவேண்டும். ஆண்டிபட்டி வழியாக மதுரை போகும் பஸ் என்றால் க.விலக்கைத் தாண்டித்தான் போகும். ஏறும்போதே கண்டக்டரிடம், "அண்ணே, க.விலக்குல நிக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் இது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும்கூட டவுன் பஸ்ஸில் இலவசம் உண்டு.

ரயிலில் போகலாமா?

அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில், 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்தது. சந்தோஷம்தான்! ஆனால் அப்போது விட்ட மதுரை பாசஞ்சர், காலையில் மதுரையிலிருந்து கிளம்பி, மாலையில் போடியிலிருந்து திரும்புகிற மாதிரி அமைந்தது. காலை ஓ.பி.க்காக மதுரை போகிறவர்களுக்கு அது உதவாது. கிளம்பும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்...

* வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனையா? டிபனைக் கட்டி எடுத்துப்போங்கள். சாப்பிடும் முன் போடவேண்டிய சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ரத்தம் கொடுத்து, சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடவேண்டும்.

* பழைய சீட்டு, மாத்திரை அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒரு காகிதம் விட்டுப்போனால் இன்னொரு நாள் அலைச்சல்.

* டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்குத் தலை சுற்றலாம். துணை இல்லாமல் பஸ்ஸில் அனுப்பாதீர்கள்.

* பி.பி., சர்க்கரை மாத்திரை வாங்க மட்டும் இவ்வளவு தூரம் போகிறீர்களா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சு வலி, திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பாம்புக்கடி, பிரசவ வலி... இதற்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நிற்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பாம்பு கடித்த இடத்தில் இறுக்கிக் கட்டுவது, கீறுவது இரண்டும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் அழைத்துப் போங்கள்.

அடுத்த செக்கப் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கூட யார் வருவது, எந்த பஸ்ஸில் போவது என்பதையும் முதல் நாள் ராத்திரியே பேசி முடிவு செய்துவிடுங்கள்.