இன்சாஸ் துப்பாக்கி: புகாருக்கு முகவரி எங்கே?

கடையில் வாங்கிய பொருள் பழுதானால் திருப்பிக் கொடுக்கலாம். கடைக்காரர் ஏற்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். இந்த இரண்டு உரிமைகளும் இல்லாத வாடிக்கையாளராக இந்திய ராணுவ வீரர் கால் நூற்றாண்டுக் காலம் இருந்தார். அவர் கையில் கொடுக்கப்பட்ட பொருள், உயிரைக் காக்க வேண்டிய துப்பாக்கி.

மேற்கு வங்கத்தில், ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1904-ல் தொடங்கப்பட்டது. இரு உலகப் போர்களிலும் இந்தியப் படையினர் ஏந்திய .303 ரகத் துப்பாக்கிகள் அங்கு தயாராயின. 1962-ல் சீனாவுடனான போரிலும் நமது வீரர்களிடம் இருந்தது அந்தப் பழைய ரகம்தான். அந்தத் தோல்விக்குப் பின், பெல்ஜிய வடிவமைப்பைப் பின்பற்றி 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள் இஷாப்பூரில் உற்பத்தியாகின. கனமானது என்றாலும் நம்பகமானது என்று பெயரெடுத்த துப்பாக்கி அது. இஷாப்பூர் முத்திரைக்கு ராணுவத்தில் தனி மதிப்பு இருந்த காலம் அது.

அந்த மதிப்பு சரிந்த கதை, இன்சாஸ் துப்பாக்கியின் கதை.

கார்கிலில் தெரிந்த குறைகள்

உலகப் படைகள் பலவும் எடை குறைந்த 5.56 மி.மீ. தோட்டாவுக்கு மாறியதைத் தொடர்ந்து, உள்நாட்டிலேயே அத்தகைய துப்பாக்கியை உருவாக்க 1980-களில் முடிவு செய்யப்பட்டது. புணேயில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆய்வகம் வடிவமைத்தது; இஷாப்பூர், கான்பூர், திருச்சி தொழிற்சாலைகள் உற்பத்தியை ஏற்றன. பணி தாமதமானதால் இடைக்காலத்தில் ஒரு லட்சம் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளை வெளிநாடுகளிலிருந்து வாங்க நேர்ந்தது. 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் மக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கார்கில் போர் மூண்டது.

பனி படர்ந்த மலை உச்சிகளில் புதிய துப்பாக்கியின் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. தோட்டா சிக்கிக்கொண்டு சுடுவது தடைபட்டது. தோட்டாக்களை நிரப்பும் பிளாஸ்டிக் மேகசின் கடுங்குளிரில் விரிசல் கண்டது. விசையை ஒருமுறை அழுத்தினால் மூன்று தோட்டாக்கள் மட்டுமே பாயும்படி அமைத்திருந்தும், சில நேரங்களில் தொடர்ச்சியாகச் சுடத் தொடங்கியது. சுடுபவரின் கண்ணில் எண்ணெய் தெறிப்பதாகவும் புகார் எழுந்தது.

முதல் தலைமுறைக் கருவி ஒன்றில் குறைகள் இருப்பது உலக வழக்கமே. வியட்நாம் போரில் அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கியும் இதே பெயரைத்தான் வாங்கியது. ஆனால், அங்கு நாடாளுமன்றக் குழு விசாரித்தது; குழலின் உட்பகுதிக்குக் குரோமியப் பூச்சு தரப்பட்டது; துப்புரவுக் கருவிகள் வழங்கப்பட்டன; சில ஆண்டுகளில் நம்பிக்கை மீண்டது. இன்சாஸிலும் திருத்தங்கள் செய்யப்பட்டன. எனினும் புகார்கள் பல ஆண்டுகளுக்கு ஓயவில்லை. காஷ்மீரில் பயங்கரவாதிகளை எதிர்கொள்ளும் பிரிவுகள் ஏ.கே.-47 துப்பாக்கியையே பெரிதும் விரும்பின.

"பயன்படுத்தத் தெரியவில்லை'

இந்தியா சலுகை விலையில் நேபாளத்துக்கும் இன்சாஸ் துப்பாக்கிகளை வழங்கியது. 2005 ஆகஸ்டில் காளிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகள் நடத்திய தாக்குதலில் 43 நேபாள வீரர்கள் உயிரிழந்தனர். இந்தியத் துப்பாக்கி தரம் குறைந்தது என்றும், சண்டையின்போது அது சரிவர இயங்காததால் எதிர்த்தாக்குதல் பலவீனமடைந்தது என்றும் நேபாள ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர் குற்றம் சாட்டினார். துப்பாக்கியை முறையாகப் பயன்படுத்தாதது காரணமாக இருக்கலாம் என்றும், தேவையானால் பயிற்சி அளிக்கத் தயார் என்றும் இந்தியத் தூதரகம் பதில் அளித்தது.

அந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், 43 பேரை இழந்த ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்த முதல் பதில் அதுவாக இருந்தது என்பதே கவனிக்க வேண்டியது.

நமது மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் இதே கவலையைத் தெரிவித்தது. மாவோயிஸ்ட் பகுதிகளில் பணியாற்றும் வீரர்களிடம் உள்ள இன்சாஸ், மற்ற துப்பாக்கிகளைவிட அதிகமாகச் சிக்கிக்கொள்கிறது என 2014-ல் அப்படையின் தலைமை கூறியது. 2015-ல் ஒரு பகுதி வீரர்களுக்கு அதற்குப் பதிலாக ஏ.கே.-47 வழங்கப்பட்டது.

தோட்டாக்கள், குண்டுகள் விஷயத்திலும் இதே நிலைதான். 2014 முதல் 2020 வரை தரக்குறைவான வெடிபொருள்களால் ஏற்பட்ட இழப்பு ரூ. 960 கோடி என்று ராணுவத்தின் உள் அறிக்கை ஒன்று குறிப்பிட்டதாக 2020 செப்டம்பரில் செய்திகள் வெளியாயின. விபத்துக்குத் துப்பாக்கியின் பராமரிப்பு, கையாளும் முறை, வடிவமைப்பு எனப் பல காரணங்கள் இருக்க முடியும் என்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் மறுப்பு தெரிவித்தது. காத்மாண்டுவில் 2005-ல் சொல்லப்பட்ட பதிலின் சாயல் இதிலும் இருந்தது.

ஒரே கூரையின் கீழ்

தொழிலாளர்களின் திறமைக் குறைவே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது; அது நியாயமாகாது. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைச் சிறப்பாகச் செய்தவர்களும் அதே தொழிலாளர்கள்தான். கோளாறு அமைப்பில் இருந்தது.

துப்பாக்கியை வடிவமைத்தது ஒரு துறை. தயாரித்தது இன்னொரு துறை. தரத்தைச் சோதித்த தர உறுதித் தலைமை இயக்குநரகம், தயாரித்த வாரியம் இயங்கிய அதே பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் இயங்கியது. ஒப்பந்தப்புள்ளி கோராமல், நியமன முறையில் ஆணைகள் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தன. பொருள் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டும் ஆணை உறுதி. குறை நேர்ந்தால் வடிவமைப்பாளர் தொழிற்சாலையைக் காட்டுவார். தொழிற்சாலை வடிவமைப்பைக் காட்டும். இரண்டும் சேர்ந்து சுட்டவரைக் காட்டும்.

ராணுவத் தலைமையும் பழியிலிருந்து தப்ப முடியாது. 2011-ல் இரு வேறு தோட்டா அளவுகளில் சுடக்கூடிய துப்பாக்கிக்கு உலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரியது; 2015-ல் அது ரத்தானது. இன்சாஸின் மேம்பட்ட வடிவமான எக்ஸ்காலிபர் சோதனையில் இருந்தபோதே, 5.56-ஐ விட்டு 7.62 மி.மீ. துப்பாக்கிதான் வேண்டும் என்று நிலை மாறியது. அந்த அளவில் இஷாப்பூர் தயாரித்த துப்பாக்கி, 2017 ஜூன் மாதச் சோதனையில் அளவுக்கு அதிகமான கோளாறுகளுடன் தோல்வி அடைந்தது. என்ன வேண்டும் என்பதில் வாங்குபவருக்கே தெளிவில்லாதபோது, செய்பவருக்குச் சாக்கு கிடைத்துவிடுகிறது.

கடை மாறியது, கணக்கு?

இறுதியில் அரசு வேறு கடைகளைத் தேடியது. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகளுக்கும், 2024 ஆகஸ்டில் மேலும் 73,000 துப்பாக்கிகளுக்கும் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ரஷியக் கூட்டு முயற்சியில் ஏ.கே.-203 துப்பாக்கி தயாரிக்கும் திட்டத்தை உத்தரப் பிரதேசத்தின் அமேதி தொகுதியில் உள்ள கோர்வாவில் 2019 மார்ச்சில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். 6 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில்தான் கையெழுத்தானது. ராணுவத்துக்கு முதல் தொகுதிகள் 2024-ல்தான் கிடைத்தன. புதிய கடையிலும் காத்திருப்பு குறையவில்லை.

இதற்கிடையே, டி.கே.ஏ. நாயர் குழு (2000), விஜய் கேல்கர் குழு (2004), ராமன் பூரி குழு (2015) என அடுத்தடுத்த குழுக்களின் பரிந்துரைகளைச் சுட்டிக்காட்டி, வாரியத்தைக் கலைக்க மத்திய அரசு முடிவு செய்தது. ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2019 ஆகஸ்டில் வேலைநிறுத்தமும் நடந்தது. 2021-ல், பாதுகாப்பு உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய வகை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் அரசு நிறைவேற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் 41 தொழிற்சாலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. இஷாப்பூரும் திருச்சியும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தன. புதிய நிறுவனங்களுக்கு ரூ. 65,000 கோடி மதிப்பிலான ஆணைகள் வழங்கப்பட்டதாகப் பிரதமர் அறிவித்தார்.

முதல் ஆறு மாதங்களில் ஏழில் ஆறு நிறுவனங்கள் லாபம் ஈட்டியதாகப் பாதுகாப்பு அமைச்சகம் 2022-ல் தெரிவித்தது. நல்ல செய்திதான். ஆனால், லாபக் கணக்கு துப்பாக்கியின் தரத்தைச் சொல்லாது. கையில் ஏற்கெனவே உள்ள ஆணைகளை வைத்து எந்த நிறுவனமும் சில ஆண்டுகள் லாபம் காட்ட முடியும். அந்த ஆணைகள் தீரும்போது வாடிக்கையாளர் தானாகத் திரும்பி வருகிறாரா என்பதே உண்மையான சோதனை.

அதற்குச் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. தனியார், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விதிக்கப்படும் உத்தரவாதக் காலமும் தாமத அபராதமும் அரசு நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டும். தரச் சோதனை, உற்பத்தியாளரைச் சாராத அமைப்பிடம் இருக்க வேண்டும். களத்தில் சிக்கிக்கொண்ட ஒவ்வொரு துப்பாக்கியின் புகாரும் எங்கே போனது, என்ன முடிவானது என்பது நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் ஆண்டுதோறும் வைக்கப்பட வேண்டும்.

தனியார்மயத்தின் முதல் படி இது என்று அஞ்சும் இஷாப்பூர், திருச்சித் தொழிலாளர்களுக்கும் இவையே பாதுகாப்பு. நல்ல துப்பாக்கியைச் செய்யும் ஆலையை மூடும் துணிவு எந்த அரசுக்கும் வராது. வாரியம் என்ற பெயர் போய் நிறுவனம் என்ற பெயர் வந்துவிட்டது. வீரரின் புகாரைக் கேட்கும் காதும் வந்திருக்கிறதா என்பதை அரசு இனியாவது நாட்டுக்குச் சொல்ல வேண்டும்.