குழி தோண்டிப் புதைத்த கட்டைகள்! கிளறிப் பார்த்தால்... ஈரம்!

கீரனூர்,

ராத்திரியோடு ராத்திரியாக கொல்லையில் குழி தோண்டி எதையாவது புதைத்தால் போலீஸ் வரும். பட்டப்பகலில் மரக்கட்டையைப் புதைத்தால் கத்தரிக்காய் வரும்! வேடிக்கை அல்ல. விஷயம் இருக்கிறது.

2018 நவம்பர் 16-ந் தேதியை புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் மறக்க முடியுமா? நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த "கஜா" புயல், இந்தப் பக்கமும் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

மக்கிய கட்டைக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும்.

ஆஸ்திரியா நாட்டு விவசாயி செப் ஹோல்சர், கட்டையைக் குவித்து மண் மூடி, அதன் மேல் பயிர் செய்து உலகப் பெயர் வாங்கினார். நமக்கும் இது புதிது அல்ல. தென்னைக்குப் பக்கத்தில் தேங்காய் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி புதைப்பது நம்ம ஊர் வழக்கம்தானே!

களிமண்ணா? கவலை வேண்டாம்!

களிமண் மழையில் சேறு. வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பு. அங்கேதான் இந்த வித்தை கைகொடுக்கும்.

இரண்டு அடி ஆழம், மூன்று அடி அகலத்தில் குழி எடுங்கள். அடியில் பருத்த, பாதி மக்கிய கட்டைகள். மேலே சுள்ளி. அதற்கு மேல் இலை தழை, சாணி எரு. ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் ஊற்றி, இடுக்கில் மண்ணைத் தள்ளுங்கள். கடைசியில் எருவும் மணலும் கலந்த மண்.

வெளிநாட்டுக்காரனைப் பார்த்து ஆள் உயரத்துக்கு மேடு கட்டாதீர்கள். நம்ம வெயிலுக்கு மேடு காய்ந்து போகும். அரை அடி போதும். அடைமழையில் களிமண் குழி தொட்டியாகி வேர் அழுகிவிடும். ஓரத்தில் வடிகால் வாய்க்கால் அவசியம்.

உஷார்!

பக்கத்தில் தென்னை இருந்தால் தென்னங்கட்டை வேண்டாம். மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பிறகு நல்ல மரத்தின் குருத்துக்கே ஆபத்து!

சீமைக்கருவேலங்கட்டை போடலாம். ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நெற்று ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. பெயிண்ட் அடித்த பலகை, மருந்து பூசிய கட்டை கூடவே கூடாது.

கட்டை இருந்தால் கரையானும் வரும். வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடியாவது தள்ளிப் போடுங்கள்.

முதல் வருஷம் செடி மஞ்சளடித்தால் பயப்பட வேண்டாம். கட்டை மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். எருவைக் கூட்டிப் போட்டு, முதலில் அவரை, தட்டைப்பயறு விதையுங்கள். மக்க மக்க பாத்தி இறங்கும். மண் போட்டு நிரவினால் சரி.

தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊற்றும் அளவு குறையும், அவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே குழியைத் தயாராக்குங்கள். மழை கட்டையை நனைக்கட்டும். சித்திரை வெயிலில் ஒரு குடம் தண்ணீர் மிச்சம் என்றால், குழாயடியில் ஒரு சண்டை மிச்சம்!