கோன் நூல் அடிக்கடி அறுந்து போகுதா? மெஷினை கழற்றாதீங்க!

விழுப்புரம்:

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம், தீபாவளி, பொங்கல் என்று வந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து பிழைக்கும் பெண்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஜாக்கெட், சுடிதார், சீருடை என்று துணி குவிந்து விடும். சின்ன நூல்கண்டு வாங்கினால் கட்டுப்படி ஆகாது என்று கடைவீதியில் பெரிய கோன் நூலை வாங்கி வருகிறார்கள்.

வீட்டுக்கு கொண்டு வந்து மாட்டியதும் தலைவலி ஆரம்பிக்கிறது. நாலு விரற்கடை தைப்பதற்குள் நூல் 'டப்'பென்று அறுந்து போகிறது. தையல் சுருங்குகிறது. மெஷின் பழுது என்று நினைத்து மெக்கானிக்கை கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் மெஷினில் குறை இருக்காது. கோன் வைத்திருக்கும் விதத்தில்தான் கோளாறு.

வீட்டில் தைப்பவர்களுக்கு துணிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நூல் அறுந்து, பிரித்து, மறுபடி தைக்கும் நேரத்துக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். எனவே இது சின்ன விஷயம் இல்லை.

கண்டு வேறு, கோன் வேறு

நீளமான கோன் ஒன்றில் 5 ஆயிரம் மீட்டர் நூல் இருக்கும். அதாவது 100 மீட்டர் கண்டு 50 வாங்கியதற்கு சமம். லாபம் உண்மைதான். ஆனால் இரண்டிலும் நூல் வெளியே வரும் முறை வேறு.

அமெரிக்காவின் ஐசக் சிங்கர் 1851-ம் ஆண்டு தையல் மெஷினுக்கு காப்புரிமை பெற்றார். அதன் பிறகு வீட்டு உபயோகத்துக்கு வந்த மெஷின்களில் தலை மேல் ஒரு சின்ன கம்பி வைத்தார்கள். அது சின்ன கண்டுக்காக வைத்த கம்பி. கண்டு அந்த கம்பியில் சுற்றிச்சுற்றி நூலை விடும்.

கோன் அப்படி சுற்றக்கூடாது. அது அசையாமல் நிற்க வேண்டும். நூல் அதன் உச்சி வழியாக மேல்நோக்கி உருவி வர வேண்டும். கோனை கொண்டு போய் தலைக்கம்பியில் சொருகினால் எடை தாங்காமல் ஆடும், சாயும். நூல் பக்கவாட்டில் இழுபடும். ஒரு நேரம் லூசாகவும், ஒரு நேரம் விறைப்பாகவும் வரும். விறைக்கும்போது அறுந்து விடும். அறுந்து போகாவிட்டால் அடிநூல் மேலே தெரியும், துணி சுருங்கும்.

இரண்டரை மடங்கு உயரம்

கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின்களை பார்த்தால் விஷயம் புரியும். மெஷினுக்கு பின்னால் தனி ஸ்டாண்டில் கோன் நிற்கும். அதன் தலைக்கு நேர் மேலே ஒரு கொக்கி இருக்கும். நூல் நேராக மேலே ஏறி, கொக்கி வழியாகத்தான் மெஷினுக்கு வரும்.

கோன் அடியில் இருந்து கொக்கி வரை உள்ள உயரம், கோனின் உயரத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. கோன் 6 அங்குலம் என்றால் கொக்கி 15 அங்குல உயரத்தில் இருக்கணும். கொக்கி கோனின் நடு உச்சிக்கு நேராக இருப்பது முக்கியம். ஒரு பக்கம் தள்ளி இருந்தால் பழைய கதைதான்.

வீட்டில் செய்வது எப்படி?

இதற்கான ஸ்டாண்டு தையல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. வாங்க வசதி இல்லாதவர்கள் ஒரு மரப்பலகையில் கனமான கம்பியை நட்டு, மேல் முனையை வளையமாக வளைத்தால் போதும். அதுவும் இல்லை என்றால் கோனை ஒரு அகலமான டம்ளரில் நிமிர்த்தி வைத்து, மெஷினுக்கு பின்னால் வைக்கலாம். நேர் மேலே சுவர் ஆணியில் ஒரு ஊக்கை தொங்கவிட்டு, அதன் வளையத்துக்குள் நூலை விட்டு மெஷினுக்கு கொண்டு வரலாம்.

பளபளப்பான வழுக்கும் நூல் என்றால் சுற்று தானாக சரிந்து கோனுக்கு அடியில் மாட்டும். பழைய வலைத்துணியை லேசாக போர்த்தினால் சரியாகும். மின்விசிறி காற்று நேராக நூலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோனின் பிளாஸ்டிக் உச்சியில் விரிசல் இருந்தாலும் நூல் மாட்டி அறுந்து போகும்.

பாபின் சுற்றும்போதும் நிதானம் வேண்டும். பாலியஸ்டர் நூல் இழுபடும் தன்மை உள்ளது. வேகமாக, விறைப்பாக சுற்றினால் நீண்டு போய், தைத்த பிறகு சுருங்கும். துணியும் சேர்ந்து சுருங்கும்.

எது தையல் நூல்?

கடையில் கோன் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஓவர்லாக் போடும் மெல்லிய நூலும் கோனில்தான் வரும். விலை குறைவு என்று அதை வாங்கி ஜாக்கெட் தைத்தால் கை தூக்கும்போது அக்குளில் பிரிந்து விடும். தையல் நூல் என்று கேட்டு வாங்க வேண்டும். லேபிளில் உள்ள டிக்கெட் நம்பர் கூடக்கூட நூல் மெலிதாகும். சாதாரண துணிகளுக்கு 120-ம் நம்பர் பாலியஸ்டர் நூலும், 14-ம் நம்பர் ஊசியும் சரியாக இருக்கும்.

எல்லா கலரிலும் கோன் வாங்க தேவையில்லை. வெள்ளை, கருப்பு, சீருடை கலர் என்று அதிகம் ஓடுவதை மட்டும் கோனாக வாங்கினால் பணம் முடங்காது. மற்றதற்கு கண்டு போதும்.

மெக்கானிக்கை கூப்பிடும் முன்...

நூல் அறுந்து போனால் முதலில் மெஷின் பாதத்தை தூக்கிவிட்டு, ஊசி வழியாக ஒரு மீட்டர் நூலை கையால் இழுத்து பாருங்கள். வழவழவென்று ஒரே சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்தால் கோனை பாருங்கள். அடுத்து கோனை எடுத்துவிட்டு சின்ன கண்டை மாட்டி தைத்து பாருங்கள். கண்டில் நன்றாக ஓடினால் மெஷின் நல்லாத்தான் இருக்கு, கோன் நிற்கும் இடத்தை மாற்றணும். கண்டிலும் அறுந்தால் ஊசியை மாற்றி, டென்ஷன் ஸ்குருவை கொஞ்சம் தளர்த்தி பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் மட்டும் மெக்கானிக்குக்கு சொல்லி அனுப்பலாம்.