தூரத்தில் நின்றும் சொற்கேட்கும் நாய்

"வா" என்றால் ஓடிவராத நாய் அரிது. வளர்த்தவரின் குரல் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு காலடிக்கு வந்துவிடும். ஆனால் "அங்கே போ" என்று கையைக் காட்டினால் என்ன செய்யும்? சற்று நேரம் எமது முகத்தைப் பார்க்கும். பின்பு இன்னும் நெருங்கி வந்து நிற்கும். நாயின் மேல் பிழையில்லை. குட்டியாய் இருந்த நாள் முதல் சோறும் தடவலும் அதற்கு எமது கையிலிருந்தே கிடைத்து வந்தன. நன்மை யாவும் எமது காலடியில்தான் உண்டு என்று அது படித்திருக்கிறது. எம்மை விட்டு அகன்று போகும் இடத்திலும் நன்மை உண்டு என்பதை யாரும் அதற்குப் படிப்பிக்கவில்லை.

இதைப் படிப்பிக்கும் முறையை நன்கு வளர்த்தெடுத்தவர்கள் இரு சாரார். ஒரு சாரார் பிரித்தானிய மலைநாட்டு இடையர்கள். மற்றவர்கள் 'அஜிலிற்றி' எனப்படும் நாய்களின் தடைதாண்டல் ஓட்டத்தில் ஈடுபடுவோர்.

இடையனின் நாய்

வேல்ஸ், ஸ்கொட்லாந்து மலைச்சரிவுகளில் செம்மறியாடுகள் வெகுதூரம் பரந்து மேயும். இடையன் அடிவாரத்தில் நிற்பான். நாய் அகன்று வளைந்து ஓடி, ஆடுகளின் பின்புறம் சென்று, அவற்றை ஒன்றுதிரட்டி அவனிடம் கொண்டுவரும். 1873 இல் வேல்ஸின் பாலா என்ற ஊரில் இத்தகைய நாய்களுக்கான போட்டி நடைபெற்றது. ஜேம்ஸ் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் 'ட்வீட்' என்னும் நாய் அதில் வென்றது. இன்று சர்வதேச இறுதிப் போட்டியில் நாய் ஏறத்தாழ 800 யார் தூரம், அதாவது முக்கால் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம், சென்று ஆடுகளைத் திரட்டவேண்டும். அவ்வளவு தூரத்துக்குக் குரல் தெளிவாக எட்டாது; விசில் ஒலியே கட்டளை. வலமாகச் சுற்ற ஓர் ஒலி, இடமாகச் சுற்ற இன்னோர் ஒலி, நிற்க வேறோர் ஒலி. மேட்டுக்கு அப்பால் ஆடுகள் நிற்கும் நிலை இடையனுக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். ஆகவே கட்டளைக்குக் கீழ்ப்படிவதோடு தானாக முடிவெடுக்கவும் அதற்குத் தெரியவேண்டும்.

தடைதாண்டல் ஓட்டம்

1978 இல் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த 'கிறவ்ற்ஸ்' நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் பார்வையாளரை மகிழ்விக்க ஒரு புதிய விளையாட்டுக் காட்டப்பட்டது. கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜோன் வார்லி, பயிற்சியாளர் பீற்றர் மீன்வெல்லின் துணையுடன், குதிரைகளின் தடைதாண்டல் போட்டியை நாய்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்திருந்தார். நாய் தடிகளைத் தாண்டும். குழாய்க்குள் புகுந்து வெளிவரும். வரிசையாக நிறுத்திய கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும். ஏறுபலகையில் ஏறி இறங்கும். கயிறு இல்லை, கையில் தீனி இல்லை, நாயைத் தொடவும் கூடாது.

நாய் மனிதரைவிட வேகமாக ஓடும். கூடவே ஓடி வழிகாட்ட முனைபவர் விரைவில் பின்தங்கிவிடுவார். முழங்கால் வலியுள்ள முதியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் என்போருக்குக் கூட ஓடுவது என்ற பேச்சே இல்லை. ஆயினும் அத்தகையோரும் இவ்விளையாட்டில் பங்குபற்றுகின்றனர். நாய்க்குத் தூரத்தில் வேலை செய்யப் பழக்கியிருப்பதே அதற்கு வழி. 'காம்ப்ளர்ஸ்' என்ற ஒரு வகைப் போட்டியில் தரையில் கோடு கிழிக்கப்பட்டிருக்கும். நாயை நடத்துபவர் அதைத் தாண்டக்கூடாது. கோட்டுக்கு அப்பாலுள்ள தடைகளை நாய் தனியே முடிக்கவேண்டும்.

பழக்கும் முறை

முதலில் நாய்க்கு நிற்கப் பழக்கவேண்டும். ஒரு சொல்லில் நிற்கவோ படுக்கவோ தெரியாத நாயைத் தூரம் அனுப்பினால், அது அயலவரின் ஆட்டைத் துரத்தும் அல்லது வீதிக்கு ஓடும்.

அடுத்து, ஒரு சாக்குத் துண்டை நிலத்தில் விரியுங்கள். நாய் அதில் கால் வைத்ததும் ஒரு துண்டுத் தீனியைச் சாக்கின் மேலேயே வையுங்கள். கையிலிருந்து கொடுக்கவேண்டாம், கொடுத்தால் நாய் மறுபடியும் எமது கையையே தேடி வரும். இரகசியம் இதுதான்: பரிசு, வேலை செய்த இடத்திலேயே கிடைக்கவேண்டும்.

நாய் தயங்காமல் சாக்குக்குப் போகத் தொடங்கியபின், சாக்கை அசைக்காமல் நாங்கள் ஓரடி பின்வாங்கவேண்டும். அது சரிவந்தால் இன்னும் ஓரடி. பின்பு இடையில் தாழ்வான ஒரு தடியை வைக்கலாம். தூரத்தையும் தடையையும் ஒரே நாளில் கூட்டக்கூடாது. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்கவேண்டும்.

நாய் எமது வார்த்தையைவிட உடலையே கூடுதலாகக் கவனிக்கிறது. கை காட்டும் திசையை நாய்கள் விளங்கிக்கொள்கின்றன என்பதை 1998 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. கை ஒரு பக்கமும் பாதமும் தோளும் வேறு பக்கமும் பார்த்தால் அது குழம்பும்.

பலர் விடும் தவறு, நாய் போகாவிட்டால் அதே சொல்லை உரத்துச் சொல்வது. உரத்த குரலை நாய் கோபமாக எடுத்துக்கொண்டு, எம்மைச் சமாதானப்படுத்த ஓடிவரும். போகச் சொன்னதன் பலன் வருவதாக முடியும். நாய் தவறினால் தூரம் கூடிவிட்டது என்பதே பொருள். இரண்டடி முன்னே வந்து, அதற்கு இயலுமான இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் போதும். அது இன்னும் விரும்பும்போதே நிறுத்திவிடுங்கள். குட்டிகளைத் தாண்டவைக்கவேண்டாம், எலும்பு முற்றவேண்டும். பிரித்தானியாவில் 18 மாதம் நிறையாத நாயைப் போட்டியில் சேர்ப்பதில்லை.

நாயைவிட மனிதருக்கே இப்பயிற்சி கடினம். தவறிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வோர் அடியும் கூடவே போகிறவரின் நாய், ஒவ்வொரு தடையிலும் திரும்பிப் பார்க்கும். தன்னால் தனியே முடியும் என்பதை அறிய அதற்கு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. அதேவேளை, பழக்காமல் ஒரேயடியாக விட்டவரின் நாய் வழிதவறும். இரண்டுக்கும் நடுவே உள்ளது அந்த ஓரடி பின்வாங்கல்.

உங்கள் முற்றத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். சாக்கும் சிறிது கருவாடும் போதும். சில கிழமைகளில் ஒரு மாலை, பத்தடிக்கு அப்பால் சாக்கின் மேல் நின்று உங்கள் நாய் உங்களைப் பார்க்கும். அப்போது அதைக் கூப்பிடாதீர்கள். நீங்களே அதனிடம் நடந்துபோய்ப் பரிசைக் கொடுங்கள்.