ஓஷினும் எங்கட உம்மாமாரும்

நிந்தவூரில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் 'ஓஷின்' என்று சொல்லிப் பாருங்கள். கதை முழுவதும் ஞாபகத்தில் இராது. ஆனால் ஒரு காட்சி இருக்கும். பனி கொட்டும் காலத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றை மரத் தெப்பத்தில் ஏற்றி, அந்நிய வீட்டுக்கு வேலைக்காரியாக அனுப்பும் காட்சி. ஒரு வருட ஊழியத்துக்குக் கூலி ஒரு மூட்டை அரிசி. "ஒரு மூட்டை அரிசிக்கு அந்தப் புள்ளய அனுப்பிப்போட்டாங்களே" என்று நேற்றுப் பார்த்தது போலச் சொல்வார்கள்.

ஜப்பானிய, கொரிய நாடகங்கள் பற்றி இப்போது பேசுவோர் இளைஞர்களின் கைத்தொலைபேசியையே கண்முன் வைக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று ஒரு சாராரும், என்ன தப்பு என்று இன்னொரு சாராரும். இது நேற்று வந்த விடயமல்ல. எங்கள் ஊர் வீடுகளுக்குள் அந்த நாடகங்கள் நுழைந்து நாற்பது வருடத்துக்குக் கிட்டவாகிறது. நுழைந்த வாசலும் அலங்கார வாசலல்ல, குசினி வாசல்.

'ஓஷின்' ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஒளிபரப்பிய நாடகம். பதினைந்து பதினைந்து நிமிடமாக 297 அங்கங்கள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண்மணி. ஜப்பானில் சராசரியாக நூற்றுக்கு ஐம்பது வீடுகளுக்கு மேல் பார்த்தார்கள். பிறகு அறுபதுக்கும் அதிகமான நாடுகளுக்குப் போனது. ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்டு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கிய எங்கள் ரூபவாஹினி, அதைச் சிங்களக் குரலில் தந்தது. தமிழ்க் குரல் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ரீவி இருந்த வீடு எண்ணிச் சொல்லக்கூடியது. பெரும்பாலும் சவூதி, குவைத் போய் வந்தவர்களின் வீடு. மின்சாரம் இல்லாத இடத்தில் கார் பற்றரி. வளவு நிறையப் பெண்களும் பிள்ளைகளும் கூடி, அரைகுறையாக விளங்கும் ஒரு மொழியில், காணாத ஒரு நாட்டின் கதையைப் பார்த்தார்கள். சிங்களம் தெரிந்த ஒருத்தி இடையிடையே சொல்லிக் கொடுப்பாள். சொல்லாவிட்டாலும் விளங்கியது என்பதுதான் விசேஷம்.

ஏன் விளங்கியது? ஓஷின் பிறந்த யமகதா நெல் விளையும் பிரதேசம். தகப்பன் குத்தகை விவசாயி. விளைச்சலின் பெரும் பங்கு நிலச்சொந்தக்காரனுக்குப் போய்விடும். விளைவித்தவன் வீட்டில் சோற்றுக்குள் முள்ளங்கியை அரிந்து போட்டு, அரிசியை மிச்சம் பிடித்து ஆக்குவார்கள். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயலும், போடியாரும் முல்லைக்காரரும் என்ற ஏற்பாடும் உள்ள ஊருக்கு இதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அதற்குப் பத்து வருடத்துக்கு முந்திய 1970களின் தட்டுப்பாட்டில் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பசியாறியவர்கள்தான் அந்த வளவில் உட்கார்ந்திருந்தார்கள். வயல் பக்கத்திலேயே இருந்தும் அரிசி இல்லாமல் போவது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஓஷினில் எங்கள் ஆட்களுக்கு விளங்காத ஒரு பகுதியும் இருந்தது. இதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 1923இல் தோக்கியோவைச் சுற்றி நிகழ்ந்த பெரும் பூமியதிர்ச்சியில் தொழிலை இழந்த பிறகு, ஓஷின் கணவனோடு அவனது ஊரான சாகாவுக்குப் போகிறாள். அங்கே மாமியார் படுத்தும் பாடு அங்கம் அங்கமாக நீளும். வயிற்றுப் பிள்ளையோடு வயலில் வேலை. பிள்ளை பிறக்கும்போதே மௌத்து. ஜப்பானிலும் கொரியாவிலும் மருமகள் என்பவள் புருஷன் வீட்டுக்குப் போகிறவள். கொரிய நாடகங்களில் பாதிக்குப் பாதி இந்த மாமியார் வீட்டுக் கதைதான்.

எங்கள் கரையில் அப்படியில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை எடுப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருகிறவர். பெண் தன் தாயின் வளவை விட்டுத் தூரம் போவதில்லை. அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இங்குள்ள முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் உள்ள தாய்வழிக் குடி முறையையும், பெண்ணுக்கு வீடு சேரும் இந்த ஏற்பாட்டையும் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே சாகா மாமியாரைப் பார்த்த எங்கட பெண்கள் கேட்ட கேள்வி வேறு: "அவட உம்மா வீடு எங்க? ஏன் அங்க போறால்ல?" ஓஷினுக்குப் போக வீடில்லை. அங்கேதான் அவளுடைய துன்பத்தின் வேர் இருக்கிறது. சொந்த வளவுள்ள பெண்கள் அதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த வீடு சும்மா வருவதல்ல. மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வயலும் கடலும் அதற்குப் போதாத குடும்பங்களில், 1980களிலிருந்து உம்மாவே கடல் கடந்து வேலைக்குப் போனாள். றியாத், ஜித்தா, குவைத், தோஹா. இரண்டு வருட ஒப்பந்தம். சின்னப் பிள்ளை மூத்தம்மாவிடம். மாமியார் வீட்டுக்கு மகள் போகாமல் இருப்பதற்காகத் தாய் அந்நிய வீட்டுக்குப் போனாள் என்று சொன்னால் மிகையில்லை. ஓஷின் அரிசி மூட்டைக்குப் போனாள். இவர்கள் சீமெந்து மூட்டைக்குப் போனார்கள். ஓஷினைப் பார்த்து அழுத வளவுகளில் அடுத்தடுத்த வருடங்களில் பாஸ்போட் எடுத்தவர்களும் இருந்தார்கள்.

வியட்நாமில் இந்த நாடகம் ஓடிய பிறகு 'ஓசின்' என்றால் வீட்டுப் பணிப்பெண் என்று அந்த மொழியிலேயே ஒரு சொல்லாகிவிட்டது. ஈரானில் 'வீட்டை விட்டுத் தூரமான வருடங்கள்' என்ற கருத்தில் பெயர் வைத்தார்கள். ஓஷின் கல்யாணம் முடித்த குடும்பத்தின் பெயர் தனோகுரா. அது அங்கே 'தானாகுரா' என்று திரிந்து, பழைய உடுப்பு விற்கும் கடைக்குப் பெயராகிவிட்டது. சிரிப்புக்குரிய விடயம்தான். சிரிக்க முடியாத விடயமும் நடந்தது. 1989 ஜனவரியில் பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் பிறந்த தினத்தையொட்டிய ஈரானிய வானொலி நிகழ்ச்சியில், உங்களுக்கு முன்மாதிரியான பெண் யார் என்று கேட்க, ஒரு பெண் ஓஷின் என்று பதில் சொல்லிவிட்டாள். ஆயதுல்லாஹ் குமைனி கடுமையாகக் கோபித்துக் கடிதம் எழுதினார். வானொலிப் பொறுப்பாளர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிப்பும் வழங்கப்பட்டது.

அந்தப் பெண்ணின் பதிலை நான் சரி காணவில்லை. ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை யோசிக்காமல் கோபிப்பதும் சரியல்ல. அண்ணலாரின் மகளார் திரிகை சுற்றிக் கை காய்த்துப் போனவர், வேலைக்கு ஒரு ஆள் கேட்டு வாப்பாவிடம் போனவர் என்ற ஹதீஸை நாம் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்? திரிகை சுற்றிய கையை மறைத்துவிட்டுப் புகழை மட்டும் சொன்னால், உழைக்கிற பெண் தன்னைப் போன்ற ஒருத்தியை வேறெங்காவது தேடத்தான் செய்வாள்.

2012இல் ரூபவாஹினி 'சுஜாத்த தியணி' என்ற பெயரில் ஒரு கொரிய நாடகத்தைக் கொண்டு வந்தது. மூலப் பெயர் 'டே ஜாங் கும்'. எம்.பி.சி. நிறுவனம் 2003-2004இல் ஒளிபரப்பியது, 54 அங்கங்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் மன்னரின் அரண்மனைக் குசினியில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் மன்னருக்கே வைத்தியம் பார்க்கும் பெண்ணின் கதை. ஜாங் கும் என்ற மருத்துவப் பெண்ணைப் பற்றிய சிறு குறிப்புகள் அந்நாட்டு அரச குறிப்பேடுகளில் உண்டு, மிச்சமெல்லாம் கற்பனை. மறுபடியும் சிங்களக் குரல்தான். ஆனால் பேச்சைவிடக் கைதான் அதில் பேசும்: அரிவது, அவிப்பது, புளிக்க வைப்பது, நாக்கில் வைத்து ருசி கண்டுபிடிப்பது. வட்டிலப்பத்துக்குப் பதம் பார்க்கத் தெரிந்த பெண்ணுக்கு அது போதும். சாப்பாட்டில் பன்றியும் பானமும் வரும் இடங்களில் "சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பிறகு திரும்பிப் பார்ப்பார்கள்.

அது ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், 2013 ஜனவரி 9ஆம் திகதி, மூதூர் ரிசானா நபீக்கின் செய்தி வந்தது. 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு வயது பதினேழு. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கிழக்கில் ஒவ்வொரு வீடும் அன்று மையித்து வீடு போலத்தான் இருந்தது. அரிசி மூட்டைப் பிள்ளையின் கதையை அழுதழுது பார்த்த ஊர்களில், வயதைக் கூட்டிப் பிள்ளைகளை அனுப்பும் முகவர்கள் எப்படி இத்தனை காலம் தாராளமாக நடமாடினார்கள் என்ற கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

இன்றைய பிள்ளைகள் பார்ப்பது வேறு வகை. சென்னையின் புதுயுகம் தொலைக்காட்சி 2014 அளவில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' போன்ற கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் தந்தபோதுதான் முதல்முறையாக விளங்கும் மொழியில் கிடைத்தது. (அந்தக் கதையின் மூலம் ஜப்பானியச் சித்திரக் கதை என்பது பலருக்குத் தெரியாது.) ஆனால் அது சென்னைத் தமிழ். 'அண்ணா', 'அக்கா' என்று பேசும். எங்கட பிள்ளைகள் காக்கா, ராத்தா என்று கூப்பிடுகிறவர்கள். இப்போது பலர் மூலக் குரலிலேயே, ஆங்கில எழுத்தை வாசித்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஆங்கில வரி 'பிரதர்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிற இடத்தில், பெண் மூத்தவனைக் கூப்பிட 'ஓப்பா', ஆண் கூப்பிட 'ஹியோங்' என்று கொரியன் பிரித்துச் சொல்வதைக் காதாலேயே கற்றுக்கொள்கிறார்கள். தாயை அவர்கள் கூப்பிடும் 'ஓம்மா' காதில் விழும்போது, 'அம்மா'வைவிட எங்கட 'உம்மா'வுக்குத்தான் கிட்ட நிற்கிறது. வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கமானதே. கொரியாவுக்குத் தொழிலாளரை அனுப்ப 2004இல் அரசு ஒப்பந்தம் செய்த பிறகு, மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் பையன்மாருக்கு இது உதவுகிறது. அவர்கள் போவது நாடகத்தில் காணும் மாடிக் கட்டடங்களுக்கல்ல, தொழிற்சாலைக்கும் மீன்பிடிக்கும் பண்ணைக்கும். தலைநகர் சியோலில் இருப்பவர்களுக்கு ஜும்ஆவுக்கு இதெவோனில் 1976இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது. அதை எந்த நாடகத்திலும் நான் கண்டதில்லை.

ஒரு வேலை பாக்கி. ஓஷினை அந்த வளவுகளில் பார்த்த தலைமுறை இப்போது மூத்தம்மாக்கள். என்ன பார்த்தார்கள், எந்த வசனத்தைத் தங்களுக்குள் எப்படி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள், யார் சிங்களம் சொல்லிக் கொடுத்தார், அவர்களில் யார் யார் பிறகு வெளிநாடு போனார்கள் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு பின்னேரம் அசருக்குப் பிறகு தங்கள் வீட்டு மூத்தம்மாவிடமே கேட்டால் போதும், சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.